கடலோர ஊரில் சமுதாயக் கூடம்: கட்டியதைக் கட்டிக்காப்பது எப்படி

எஸ்.பி.பட்டினம் தொடங்கி தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று ராமநாதபுரம் கரை நெடுக ஏதோ ஒரு பெயரில் கூடங்கள் நிற்கின்றன. சில ஊராட்சிக் கூடங்கள், சில மீனவர் சங்கத்துடையவை, சில ஜமாஅத்துக்கோ கத்தோலிக்கப் பங்குக்கோ சொந்தமானவை. கட்டுவதற்கு நிதி எப்படியாவது வந்துவிடுகிறது. கட்டிய பிறகு அதை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பல ஊர்கள் தடுமாறுகின்றன. பத்தே ஆண்டில் கம்பி வெளியே தெரிகிறது, கழிப்பறைக்குப் பூட்டு விழுகிறது, கல்யாணக்காரர்கள் டவுன் மண்டபத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கூடத்தைக் கையில் எடுக்கும் ஊர்க் குழுவுக்காக இது எழுதப்படுகிறது. கணக்குகளுக்கு 60 அடி நீளம், 30 அடி அகலம் கொண்ட ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். உங்கள் கூடம் பெரிதானாலும் சிறிதானாலும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சாவியும் நோட்டும்

சாவி மூன்று வேண்டும். ஒன்று காவலாளியிடம், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் அல்லது சங்கத்தில், மூன்றாவது கூடத்துக்குப் பக்கத்து வீட்டில். இந்த மூவரில் ஒருவராவது கடலுக்குப் போகாதவராக இருக்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் படகில் இருக்கும் நேரத்தில் சாவு விழுந்தால் கூடம் பூட்டியே கிடக்கும். மகளிர் குழுவில் பொறுப்பான ஒருவரிடம் மூன்றாவது சாவியைக் கொடுப்பது நல்லது. எந்த நேரத்திலும் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பதிவு நோட்டு தைத்த நோட்டாக, பக்க எண் போட்டதாக இருக்கட்டும். தேதி, பெயர், என்ன விசேஷம், எத்தனை மணிக்குச் சாவி வாங்கினார், எப்போது கொடுத்தார், முன்பணம், ரசீது எண், மின்மீட்டர் தொடக்க எண், முடிவு எண் என்று ஒரு வரியில் எல்லாம் வரவேண்டும். மின்சாரக் கட்டணத்தை வாடகையோடு சேர்க்காமல் மீட்டர்படி தனியாக வாங்குங்கள். ஒருவர் நாலு விளக்கு போடுவார், இன்னொருவர் ஊரையே சீரியல் செட்டால் சுற்றுவார். இருவருக்கும் ஒரே தொகை என்றால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

அந்த நோட்டு யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. பொதுப் பணத்தில் கட்டிய கூடத்தைச் சில சாதிக்காரர்களுக்குத் தர மனமில்லாத இடத்தில் யாரும் நேராக "இல்லை" என்று சொல்வதில்லை. "அன்னைக்குத் தேதி இல்லையே" என்றுதான் சொல்வார்கள். நோட்டு திறந்து கிடந்தால் அந்தப் பொய் நிற்காது. எல்லாருக்கும் வாடகை ஒன்று, பாத்திரம் ஒன்று, அடுப்படி ஒன்று என்பதைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்கும் ஊரில் கூடம் இருந்தும் பாதி ஊருக்கு இல்லை.

முன்பதிவைத் தாண்டி இரண்டுக்கு மட்டும் கூடம் உடனே திறக்க வேண்டும்: சாவு, புயல். இதைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். கல்யாணத் தேதியில் சாவு வந்தால் கூடத்தைப் பறிக்க வேண்டியதில்லை. 50 நாற்காலி, இரண்டு ஜமுக்காளம், ஒரு தண்ணீர் டிரம், ஒரு அவசர விளக்கு, இவற்றைச் சாவு வீட்டுக்கென்றே தனியாக எடுத்துவைத்து, வாடகை வாங்காமல் அனுப்பினால் போதும். கடலில் ஆள் காணாமல் போன வீட்டுக்கு இன்னும் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும். தேடிப் போன படகுகள் திரும்பும்வரை உறவினர்கள் நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்கள் தங்கவும் சமைக்கவும் கூடத்தின் ஒரு பகுதியைக் கேட்காமலே திறந்துவிடுங்கள்.

வாடகையை ஊகத்தில் வைக்காதீர்கள். ஆண்டுக்குப் பழுது பார்க்க 60,000 ரூபாய் ஆகும், 30 விசேஷம் நடக்கும் என்றால் ஒரு விசேஷத்தின் மேல் 2,000 ரூபாய் விழுகிறது. அதோடு கூட்டுகிறவர் கூலி, நல்ல தண்ணீர், கழிப்பறைச் சாமான் ஆகியவற்றைச் சேருங்கள். இதற்குக் கீழே வாடகை வைத்தால் ஊருக்கு உதவுவது போலத் தோன்றும், ஆனால் அடுத்த பழுதுக்குக் கையில் காசு இருக்காது. ஊராட்சிக் கூடமென்றால் பணம் ரசீதோடு ஊராட்சிக் கணக்குக்குப் போக வேண்டும், குழுவில் யார் பையிலும் தங்கக் கூடாது.

மூன்று நாட்காட்டி

உள்நாட்டு ஊர்களில் ஆடியும் மார்கழியும்தான் காலி மாதம். இந்தக் கரையில் அப்படியில்லை. இந்துக்களுக்கு ஆடி, மார்கழி, பலருக்குப் புரட்டாசியும் ஆகாது. கத்தோலிக்கர் தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் கல்யாணம் வைப்பதில்லை. முஸ்லிம்கள் ரமலானில் வைப்பதில்லை, அந்த மாதமோ ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். மூன்றையும் ஒரே தாளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து ஒட்டுங்கள். யாருக்கு எப்போது நெருக்கடி என்பது அப்போதுதான் தெரியும். அதே தாளில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளையும் குறியுங்கள். அந்த நாட்களில் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், வீட்டில் காசு இருக்காது. முன்பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஊரே கூடிச் செய்யும் வேலைகளுக்கும் அதுதான் தோதான காலம்.

கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளையும் முதலிலேயே அடைத்துவிடுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. கூடத்தில் நடத்தினால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். மரத்தடி வெயிலில் நடத்தினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பந்திக் கணக்கு

தரையில் உட்காரும் பந்தியில் ஓர் ஆளுக்கு 2 அடி அகலம். உட்கார இரண்டரை அடி, இலைக்கு ஒன்றரை அடி, எதிரெதிர் வரிசைக்கு நடுவே பரிமாற 4 அடி. ஆக, ஒரு ஜோடி வரிசை 12 அடி பிடிக்கும். 30 அடி அகலத்தில் இரண்டு ஜோடி போட்டால் 24 அடி. மீதி 6 அடியைச் சுவரோரம் இரு பக்கமும் நடக்க விடுங்கள். நீளத்தில் முன்னும் பின்னும் 5 அடி விட்டால் வரிசைக்கு 25 பேர். ஒரு பந்தி சரியாக 100 பேர்.

ஒரு பந்தி எழுந்து, இலை எடுத்து, துடைத்து, அடுத்தது உட்கார 40 நிமிடம் ஆகும். 600 பேர் என்றால் ஆறு பந்தி, நான்கு மணி நேரம். முகூர்த்தம் முடிந்து 11 மணிக்கு முதல் இலை விழுந்தால் கடைசிப் பந்தி 3 மணிக்குத்தான் எழும். இதை அழைப்பிதழ் அடிக்கும் முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். நடுவரிசையில் இன்னொரு பாய் போட்டு 120 பேரைத் திணித்தால் பரிமாறுகிறவர் கால் வைக்க இடமிருக்காது, ரசம் முதுகில் ஊற்றும், நேரமும் மிச்சமாகாது. 100 இலைக்குப் பரிமாற 10 பேர் வேண்டும். டம்ளர் 250 இருந்தால் திணறாது: 100 பந்தியில், 100 கழுவுமிடத்தில், 50 கைவசம். கீழக்கரைப் பக்கம் சஹன் வைத்துச் சேர்ந்து சாப்பிடும் விருந்தென்றால் தாம்பாளத்தைச் சுற்றி ஆள் உட்காருவதால் வரிசைக் கணக்கு பொருந்தாது. பாயை விரித்து, தாம்பாளம் வைத்து, ஒருமுறை முன்கூட்டியே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி கூடத்தின் தென்கிழக்கிலோ வடமேற்கிலோ இருக்கட்டும். கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்தும் வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். இந்த இரண்டு மூலையில் இருந்தால் கருவேல விறகுப் புகை எந்தக் காலத்திலும் பந்திக்குள் வராது. அக்னி மூலை என்று பெரியவர்கள் சொல்லும் தென்கிழக்கு, காற்றுக் கணக்குக்கும் ஒத்துவருகிறது.

அண்டா, தேக்சா, வாளி, கரண்டி எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரையும் எண்ணையும் வெட்டிவிடுங்கள். பெயிண்டால் எழுதினால் மூன்று தேய்ப்பில் போய்விடும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பத்துப் பத்தாக அடுக்கி, வாங்குகிறவர் முன்னிலையில் எண்ணுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் காலையிலேயே எண்ணிவிட வேண்டும், இரண்டு நாள் தள்ளினால் யார் வீட்டில் எது இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது. அலுமினியப் பாத்திரம் இந்தக் காற்றில் பொத்துப் பொத்தாகிவிடும். கூடுதலாகக் கொடுத்தாலும் கனமான எவர்சில்வர் வாங்குங்கள்.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த ஊரிலும் விசேஷ நாளில் அதை மட்டும் நம்ப முடியாது. ஆளுக்கு 10 லிட்டர் கணக்கு வையுங்கள்: குடிக்க, சமைக்க 4 லிட்டர் நல்ல தண்ணீர், கைகழுவ, பாத்திரம் தேய்க்க, கழிப்பறைக்கு 6 லிட்டர் புழங்கு தண்ணீர். 500 பேருக்கு 2,000 லிட்டரும் 3,000 லிட்டரும். இரண்டுக்கும் தொட்டி தனி, குழாய் தனி, நிறமும் தனி. ஒரே குழாயில் வால்வு வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்றாவது ஒருநாள் யாராவது வால்வைத் திருப்ப மறப்பார், அன்றைக்குச் சோறு உப்புக் கரிக்கும்.

நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். கடற்கரை ஈரத்தில் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிறிய அளவாக வாங்கி வையுங்கள். கட்டிதட்டிப் போனதைப் பயன்படுத்த வேண்டாம்.

மொட்டைமாடி 1,800 சதுர அடி என்றால் சுமார் 167 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 8,000 லிட்டருக்கு மேல் விழுகிறது, சேதாரம் போக 6,500 லிட்டராவது பிடிக்கலாம். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

உப்புக் காற்று தின்னும் இடங்கள்

உப்புக் கலந்த ஈரம் கான்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பிவரை போகும். துருப்பிடித்த கம்பி ஊதி, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளும். முதலில் தூணின் ஓரத்தில் கம்பி ஓடும் திசையிலேயே மயிர் போன்ற விரிசல் தெரியும். அந்த நிலையிலேயே கை வைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் கொத்தனார் அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுகிறார். உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும், இரண்டு மழைக்குள் பூச்சோடு பெயர்ந்து விழும். சரியான முறை இது: சுத்தியால் தட்டி, பொக்கைச் சத்தம் வரும் இடமெல்லாம் உடைத்தெடுங்கள். கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்கு உடைக்க வேண்டும். கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை துருவைத் தேயுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி உலரவிட்டு, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்து, ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் கொத்தனாரை நம்பி இறங்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகத் தூணோ படியோ போடுவதானால் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கலவைக்குக் கிணற்று உப்புத் தண்ணீரும் கடற்கரை மணலும் கூடவே கூடாது. மணல் பக்கத்திலேயே சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும், ஆனால் கம்பியை அரிக்கும் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுவதாகிவிடும்.

மின்விசிறிக் கொக்கியை ஆண்டுக்கொரு முறை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். கொக்கி, போல்ட், போல்ட்டில் செருகும் பின் ஊசி மூன்றும் துருவில் மெலிந்து, விசிறி பந்திமேல் விழக்கூடிய இடம் அது. கதவுக் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எவர்சில்வர் என்று கேட்டால் 304 தரத்தைத் தருவார்கள், கடலுக்கு 200, 300 மீட்டரில் அதுவும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 316 கேட்டு வாங்குங்கள். ஜன்னலுக்கு இரும்பைவிட அலுமினியமோ யு.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோ தாங்கும்.

வெள்ளையடிப்பு எப்போது? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஈரப் பெயிண்டில் மணலும் ஒட்டும். ஆடியில் கூடம் காலியாக இருந்தால் உள்வேலைகளைப் பாருங்கள். வெளிச்சுவரைப் பங்குனி, சித்திரையில் முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு அடியுங்கள். உப்பைக் கழுவாமல் அடித்த பெயிண்ட் தோலாக உரியும்.

மின்சாரத்தில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவு தடுப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., உப்பீரத்தால் அடிக்கடி விழும். கல்யாண வீட்டு அவசரத்தில் யாரோ அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பார்கள். அது விழுவது எங்கோ கசிவு இருப்பதால்தான். பெரும்பாலும் சமையல்கட்டுப் பிளக்கிலோ, உறை பிய்ந்த சீரியல் செட்டிலோ இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் சமையல்காரருக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் காவல். மணல் தரையில் எர்த் குழி உலர்ந்துபோகும், கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஜெனரேட்டர் வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்: 20 விசிறி 1,500 வாட், 30 எல்.இ.டி. குழல் 600, மைக் செட் 500, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 750. மொத்தம் 3,350 வாட். மோட்டார் கிளம்பும்போது மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 7.5 கே.வி.ஏ. வேண்டும். மைக்கை இரவு 10 மணிக்கு நிறுத்துவது சட்டம். பாங்கு நேரத்திலும் கோயில், தேவாலய வழிபாட்டு நேரத்திலும் நிறுத்துவது ஊர் மரியாதை. இரண்டையும் விதித்தாளில் எழுதுங்கள்.

மற்ற நாட்கள்

விசேஷம் ஆண்டுக்கு 30 நாள் என்றால் மற்ற நாளெல்லாம் கூடம் சும்மா கிடக்கக் கூடாது. மாலை 6 முதல் 9 வரை பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடுங்கள். மகளிர் குழுக் கூட்டம், கண் சிகிச்சை முகாம், கடல்பாசி எடுக்கும் பெண்களின் கூட்டம் என்று வாரத்தில் ஓரிரு நாள் ஆள் புழங்கினால் ஒழுகலும் கறையானும் சீக்கிரம் கண்ணில் படும். வலை, பாசி, கருவாடு இவற்றை உள்ளே வைக்க விடாதீர்கள். உப்பும் எலியும் சேர்ந்து தரையையும் ஒயரையும் கெடுக்கும். வெளியே ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

புயல் அன்று

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின் நினைவு இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது. உங்கள் கூடம் தகரக் கூரையென்றால் ஆட்களை அங்கே தங்கவைக்காதீர்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் புயல் காப்பகம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புரட்டாசியிலேயே கேட்டு எழுதி ஒட்டுங்கள்.

கான்கிரீட் கூடமென்றால் படுத்துறங்க ஆளுக்கு 15 சதுர அடி, நடைவழியோடு 20. 1,800 சதுர அடியில் 90 பேர் படுக்கலாம். ஓரிரவு உட்கார்ந்து கழிக்க 180 பேர். இதற்கு மேல் வரப்போகிறவர்கள் எங்கே போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பாம்பன் துறைமுகக் கூண்டைக் கவனியுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்துக் கடலில். அன்றே ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து, டீசல் நிரப்பி, இரண்டு தொட்டியையும் நிறைத்துவிடுங்கள். 3 அல்லது 4 ஏறினால் முன்பதிவை ஒத்திவைத்து, நாற்காலியை ஓரம் அடுக்கி, ஜன்னல் கொக்கியைப் போட்டு, மாடியில் கிடக்கும் தகரம், மூங்கில், காலித் தொட்டியை இறக்குங்கள். 5க்கு மேல் போனால் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், குழந்தைகளை முதலில் கொண்டுவாருங்கள், மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம், அப்போது யாரும் வெளியே போகக் கூடாது.

ஆட்கள் வர மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆடும் படகு எஞ்சினும்தான். கூடத்தின் காற்று மறைந்த பக்கத்தில் ஆடு கட்டவும், எஞ்சின் வைக்கவும் இடம் ஒதுக்கி, எண் எழுதிய துணியைக் கட்டிக் காவலுக்கு இருவரைப் போட்டால் தயங்கியவர்களும் வருவார்கள். ரேஷன் அட்டை, ஆதார், படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் எடுத்துவரச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஒரு பக்கம் திரை கட்டி, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிய வேண்டும். சமையல் வெளிக்கொட்டகையில் மட்டும், காஸ் சிலிண்டர் உள்ளே வரக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களைக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

கடல் நீர் கூடத்துக்குள் ஏறியிருந்தால், வடிந்த பிறகு மெயினைப் போடுவதற்கு முன் எல்லா சுவிட்ச் பெட்டியையும் திறந்து நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். நனைந்த எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும், காய்ந்தாலும் நம்பக் கூடாது. சுவரை நீர் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல்வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் உப்பு நீர் கலந்திருந்தால் முழுவதும் வெளியேற்றி, தேய்த்து, பிளீச்சிங் போட்டு நிரப்பி, அந்த முதல் தொட்டித் தண்ணீரைக் கழிப்பறைக்கு விட்டுவிட்டு, அடுத்த தொட்டியிலிருந்து குடிக்கக் கொடுங்கள்.